சித்திர நகரங்களின் செய்தி நிலையங்களும் நம் மலைமேற் கோபுரமும்

யூபிலி மலருக்கு மலைநாட்டைப் பற்றி ஏதேனும் எழுதுக என நம்மைப் பணித்த ஆசிரியர் குழுவினர் இத்தலைப்பைக் கண்டு புருவம் நெரிப்பர் என்பதை அறிவோம். அமெரிக்க நாட்டுக் கார்ட்டூன் நாடகங்களில் வரும் உள்ளூர்ச் செய்தி நிலையங்களுக்கும், மூடுபனியிடையே கொழுந்தெடுக்கும் நம் மலைகளுக்கும் என்ன உறவு? உறவு உண்டு, ஆயின் அது சற்றுச் சுற்றிவந்து சேரும் உறவு. வாசகர் சிறிது பொறுமையோடு உடன்வரின் காட்டுவோம்.

இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பள்ளி விட்டு வீடு திரும்பும் மாணவர், கைப்பேசியின் சிறு திரையில் இந்நாடகங்களைப் பார்த்து நகைக்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவற்றில் ஒரு வழக்கம் காணப்படும். கதை ஒரு சிற்றூரில் நிகழும். அச்சிற்றூருக்கென ஒரு தொலைக்காட்சி நிலையம் இருக்கும். கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து, அவ்வூர்ச் செய்தியை அவ்வூருக்கே வாசிப்பார். கதாநாயகன் செய்த அசட்டுத்தனம் அடுத்த கணம் செய்தியாகிவிடும். இவ்வுத்தியில் இருவகை நன்மை உண்டு. அரைமணி நேர நாடகத்தில் ஊர் முழுவதும் நடந்ததைப் பத்து விநாடியிற் சொல்லி முடிக்கலாம் என்பது ஒன்று. அமர்ந்த நிலையில் வாய் மட்டும் அசையும் மனிதரை வரைவது, ஓடுபவரையும் குதிப்பவரையும் வரைவதினும் எளிது என்பது மற்றொன்று. பழைய நாடகங்களிற் கட்டியங்காரன் செய்த தொழிலை இவர் செய்கிறார் என்க.

இவ்வழக்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அமெரிக்காவில் நகரங்கள் பலவும் தமக்கெனத் தொலைக்காட்சி நிலையங்களை உடையன. அவை நாடகங்களையும் விளையாட்டுகளையும் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும். ஆயின் மாலைச் செய்தியையும் இரவுச் செய்தியையும் தாமே தயாரிக்கும். எந்தத் தெருவில் தீப்பற்றியது, எந்தப் பள்ளி பனியால் மூடப்பட்டது, நகரசபைக் கூட்டத்தில் யார் யாரை ஏசினார் என்பனவே அச்செய்தி. வாசிப்பவரும் அவ்வூர்வாசியே. கடைத்தெருவில் எதிர்ப்படின் பெயர் சொல்லி அழைக்கப்படுபவர். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்து நரைத்தவர்களும் உளர். நாள்தோறும் காணும் முகமாதலின், அதன் குரலேற்றமும் புருவ அசைவும் ஊராருக்கு மனப்பாடம். மனப்பாடமான ஒன்றையே கேலி செய்ய முடியும்.

அந்நிலையங்களின் பெயரிடும் முறையையும் ஈண்டு கூறவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரசு வழங்கும் எழுத்துக் குறியீடு உண்டு. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ளவை பொதுவாக 'கே' என்னும் ஆங்கில எழுத்திலும், கிழக்கே உள்ளவை 'டபிள்யூ' என்னும் எழுத்திலும் தொடங்கும். பழைய விதிவிலக்குகள் சில உண்டு. எனவே குறியீட்டின் முதலெழுத்தைக் கேட்டவுடனே நிலையம் ஆற்றுக்கு எக்கரையில் உள்ளது என்பது அந்நாட்டாருக்குப் புரிந்துவிடும். கார்ட்டூன் வரைவோர் இச்சிறு நுட்பத்தையும் விட்டுவைப்பதில்லை.

1989 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' நாடகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் ஊர் ஸ்பிரிங்ஃபீல்ட். அவ்வூர் வானொலியின் குறியீடு கே.பி.பி.எல்.; சேர்த்து உச்சரித்தால் 'பிதற்றல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகும். தொலைக்காட்சியில் 6ஆம் அலைவரிசையின் செய்தி வாசிப்பாளர் கென்ட் பிரொக்மன். 1990 முதல் அத்திரையில் வீற்றிருக்கிறார். வெண்ணிறத் தலைமயிரும், தம்மைத் தாமே வியக்கும் குரலும் உடையவர். இவருக்கு மாதிரியாக அமைந்தவர்கள் எனச் சுட்டப்படுவோர் இருவர்: லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பல்லாண்டு செய்தி வாசித்த ஜெரி டன்ஃபியும், அதே நகரின் கே.டி.எல்.ஏ. நிலையத்தைச் சேர்ந்த ஹால் ஃபிஷ்மனும். டன்ஃபி 2002இலும் ஃபிஷ்மன் 2007இலும் காலமாயினர். அவர்தம் நிழல் இன்றும் மஞ்சள் நிறத்தில் செய்தி வாசிக்கிறது!

அந்நாடகத்தைப் படைத்த மாட் குரோனிங், ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் வளர்ந்தவர். தாம் வாழ்ந்த வீதியின் பெயரையே சிம்ப்சன் குடும்பத்தின் வீதிக்குச் சூட்டினார். ஃபிளாண்டர்ஸ், லவ்ஜோய், குவிம்பி எனப் பாத்திரங்களுக்கு இட்டவையும் போர்ட்லண்ட் தெருப்பெயர்களே. அந்நகரின் உள்ளூர்த் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காகத் தோன்றிய 'ரஸ்டி நெயில்ஸ்' என்னும் கோமாளியே பின்னர் 'கிரஸ்டி' ஆனான். கிரஸ்டியின் கரகரத்த குரலோ வேறோர் ஊரிலிருந்து வந்தது: சிக்காகோவின் டபிள்யூ.ஜி.என். நிலையத்தில் 'போசோ' என்னும் கோமாளியாக நடித்த பொப் பெல்லின் குரலைப் பின்பற்றியது அது. போர்ட்லண்டின் 6ஆம் அலைவரிசையிலும் உண்மையாகவே ஒரு நிலையம் உண்டு. அவ்வொற்றுமையை இதற்குமேல் இழுக்க நாம் விரும்பவில்லை. இவ்வாறு மூன்று நகரங்களின் உண்மையான நிலையங்கள் ஒரு பொய்யூரில் முகம் மாற்றி வாழ்கின்றன.

பிரொக்மனின் புகழ்பெற்ற காட்சி 1994இல் வந்தது. விண்வெளி ஓடத்தில் எறும்புக் கூண்டு உடைந்து, எறும்பொன்று ஒளிப்படக் கருவியின் அருகே மிதக்கிறது. திரையில் அது பேருருவாய்த் தெரிகிறது. பிரொக்மன் உடனே முடிவு கட்டிவிடுகிறார்: இராட்சத எறும்புகள் ஓடத்தைக் கைப்பற்றிவிட்டன, பூமியும் அவற்றுக்கு அடிமையாகப் போகிறது. அடுத்த மூச்சிலேயே, புதிய எசமானரை வரவேற்பதாகவும், மனிதரைத் திரட்டி வேலை வாங்கித் தரத் தம்மால் இயலும் என்றும் அறிவிக்கிறார். இதைக் கண்ட தோட்டத்துப் பெரியவர் எவரும், தம் காலத்துக் கங்காணி ஒருவரையேனும் நினையாதிருக்க மாட்டார்!

1999இல் வந்த 'ஃபேமிலி கை' என்னும் நாடகம் வேறுவகைச் சாதுரியம் காட்டுகிறது. அதன் ஊர் குவாஹொக். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை. வீட்டின் பின்னணியில் வரையப்பட்ட உயர்ந்த கட்டிடங்களோ பிரொவிடென்ஸ் நகரின் உண்மைக் கட்டிடங்கள். படைத்தவரான செத் மக்ஃபார்லன் அந்நகரத்துக் கலைக்கல்லூரியிற் பயின்றவர். செய்தி நிலையத்துக்கு மட்டும் 'குவாஹொக் 5' எனப் பொய்ப்பெயர் இட்டனர். பிரொவிடென்ஸின் பழைய நிலையங்கள் 6, 10, 12 ஆகிய அலைவரிசைகளில் இருந்தன. 5ஆம் எண் அண்டை நகரமான பொஸ்டனுக்கு உரியது. அடுத்தடுத்த நகரங்களில் ஒரே எண்ணை வழங்கினால் அலைகள் ஒன்றோடொன்று மோதும் என்பதால் ஒன்றை விட்டு ஒன்று வழங்கும் ஏற்பாடு அது. ஆகவே பிரொவிடென்ஸில் 5 என்றால் எவரையும் புண்படுத்தாத வெற்றிடம். நம்மூர் வழக்கிற் சொன்னால், ஹட்டன் பஸ் நிலையத்தில் இல்லாத ஓர் இலக்கத்தை நாடகத்துப் பஸ்ஸுக்கு இடுவது போன்றது. ஊரார் உடனே புரிந்துகொள்வர். வழக்குத் தொடுப்பார் இலர்.

உண்மைப் பெயரையே சொல்லிக் கேலி செய்வதும் உண்டு. 2003இல் சிம்ப்சன்ஸ் நாடகம், தன்னை ஒளிபரப்பும் குழுமத்தைச் சேர்ந்த ஃபொக்ஸ் செய்தி அலைவரிசையையே எள்ளி, திரையின் அடியில் ஓடும் எழுத்துச் செய்தியைப் போலப் பொய்ச்செய்தி ஓடவிட்டது. அச்செய்தி அலைவரிசை வழக்கிடுவதாக மிரட்டியது என்றும், அதன்பின் பார்ப்போர் மெய்யெனக் கருதிவிடக்கூடும் என்பதால் அத்தகைய ஓடும் எழுத்துக்குத் தடை வந்தது என்றும் குரோனிங் அவ்வாண்டு வானொலிப் பேட்டியொன்றிற் கூறினார். அவர் நகைச்சுவைக்காரர், எவ்வளவு கழித்துக் கேட்பது என்பது கேட்போர் பொறுப்பு. மஞ்சள் நிற மனிதர் நடமாடும் படத்தின் அடியில் ஓடும் எழுத்தை மெய்யென நம்புவார் உளர் என ஒருவர் அஞ்சினார் எனில், செய்தியின் வடிவத்துக்கு உள்ள வலிமை எத்தகையது என்பது தெளிவாகும்.

இனி நம் மலைக்கு ஏறுவோம்.

அமெரிக்கச் சிற்றூர்களிற் பல, நிலையம் உடையனவாயினும் மலை உடையன அல்ல. நமக்கோ மலை உண்டு. மலைமேற் கோபுரமும் உண்டு. நுவரெலியா நகருக்கு மேலே 2524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகாலை இத்தீவின் மிக உயர்ந்த சிகரம். 1982 பெப்ரவரி 15ஆம் நாள், யப்பான் நாட்டின் உதவியோடு ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபோது, அதன் தலையாய அஞ்சற் கோபுரம் அச்சிகரத்திலேயே அமைந்தது. அதற்கு முன் 1979இல் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சி, கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே எட்டிற்று. கோபுரம் எழுந்தபின் அலைகள் மலையிறங்கிச் சமவெளியெங்கும் பரந்தன. கடல் கடந்து தென் தமிழ்நாட்டு வீடுகளிலும் ரூபவாஹினி தெரிந்தது. திருநெல்வேலிச் சீமையார் கூரைமேல் உயர்ந்த அன்டெனாவை நாட்டி, நுவரெலியா மலையுச்சியிலிருந்து வந்த படத்தைக் கண்டனர். தம் பாட்டனார் பிழைப்புத் தேடி வந்த மலையிலிருந்தே படம் வருகிறது என்பதை அவர்களிற் சிலரேனும் எண்ணியிருப்பர்.

ஆனால் கோபுரத்தின் காலடியில் வாழ்ந்தோர் நிலை என்ன? மின்சாரம் எட்டாத லயங்களில் மோட்டார் வண்டியின் பற்றரியைக் கொண்டு பெட்டியை இயக்கினர். ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. அக்காலத்துச் சிறுவர் கண்ட கார்ட்டூன்கள் சிங்களம் பேசின. ரூபவாஹினியின் மொழிமாற்றுப் பிரிவை நடத்திய திரைப்பட மேதை டைட்டஸ் தொட்டவத்த, டொக்டர் டூலிட்டிலை 'தொஸ்தர ஹொந்தஹித' ஆக்கினார். பக்ஸ் பன்னி என்னும் முயலை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். அவர் சொல்லைச் சொல்லாற் பெயர்க்கவில்லை. சிங்களக் கிராமத்துப் பேச்சும் பழமொழியும் ஏசலும் அம்முயலின் வாயிற் புகுந்தன. அமெரிக்க முயல் அந்தக் கிராமத்து முயலாயிற்று. தமிழ்ச் சிறுவரும் அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர். அம்முயலிடமிருந்து சிங்களம் பழகினோரும் நம்மிடையே உளர். அவரது திறத்தை நாம் எள்ளளவும் குறைத்துக் கூறோம். அத்தகைய ஒருவர் நம் லயத்துப் பேச்சுக்கு வாய்க்கவில்லையே என்பதுதான் நம் ஏக்கம்.

தமிழ் அலைவரிசைகள் பின்னர் வந்தன. 1998இல் சக்தி, 2009இல் வசந்தம்; ரூபவாஹினியின் குடும்பத்தில் நேத்ரா. எல்லாம் கொழும்பிலிருந்து பேசுவன. அவற்றில் மலைநாடு செய்தியாக வருவதற்கு மூன்று வாசல்களே திறந்திருக்கின்றன: சம்பளப் பேச்சுவார்த்தை, தேர்தல், மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மாண்டோர் எத்தனைபேர் என முதல்நாள் சொன்ன தொகை மறுநாள் மாறிற்று, பின்னும் மாறிற்று. எந்த லயத்தில் எத்தனை காம்பரா, எந்தக் காம்பராவில் யார் குடியிருந்தார் என்பதை வழக்கமாகச் செய்தி சேகரிப்பவராய் அறிந்த ஒருவர் அங்கே இருந்திருப்பின், அத்தொகை அவ்வாறு தடுமாறியிராது என்பது நம் கருத்து. உள்ளூர்ச் செய்தி நிலையம் என்பது வெறும் ஊர்வம்பு அன்று. சாதாரண நாளில் பஸ் தாமதத்தைச் சொல்லிப் பழகிய வாயே, அசாதாரண நாளில் உயிர்களின் கணக்கைப் பிழையின்றிச் சொல்லவல்லது.

நகைச்சுவையிலும் இதே வெற்றிடத்தைக் காணலாம். இலங்கை வானொலியிற் புகழ்பெற்ற 'கோமாளிகள் கும்மாளம்' தொடரைப் பழைய மாணவர் மறந்திருக்கமாட்டார். அது 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்தது. எஸ். ராம்தாஸின் மரைக்கார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரனின் உபாலி, பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர் என்னும் நால்வரும் நான்கு வகைத் தமிழ் பேசினர். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் என நாட்டின் பேச்சுவகைகள் ஒரே வீட்டிற் கூடின. கேட்கக் கேட்கச் சுவை. ஆயின் அந்நால்வரின் நடுவே கொழுந்துக் கூடை சுமந்த தமிழுக்கு இருக்கை இல்லை. பகைமையால் நேர்ந்தது என யாம் கூறவில்லை. கொழும்புக் கலைக்கூடத்தில் நாள்தோறும் கேட்ட குரல்கள் அவை. லயத்துக் குரல் அங்கே கேட்கவில்லை. கேளாக் குரலை எவர் நடித்துக் காட்ட இயலும்?

அதனால் மலைநாட்டார் நகையறியாதார் எனக் கொள்ளற்க. தோட்டத்துக்குத் தனிச் செய்தி நிலையம் முன்னரே இருந்தது. அதன் பெயர் தப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு அழைக்கும் அடி வேறு, சாவுக்கு அடிக்கும் அடி வேறு, திருவிழாவுக்கு வேறு. படுக்கையிற் கிடந்தவாறே கேட்பவர் செய்தி இன்னதென அறிந்துகொள்வார். நகைச்சுவைப் பகுதி கூத்திலும் பாட்டிலும் வந்தது. மாசியில் காமன் கூத்து ஆடும் திடலில், பிற இடங்களிற் சொல்ல இயலாததைக் கோமாளி சொல்லலாம். கொழுந்தெடுக்கும் மலையிற் பெண்கள் பாடிய பாட்டுகளில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் படாதபாடு பட்டனர். அப்பாட்டுகளை ஊரூராய்த் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு நாம் கடப்பாடுடையோம். எசமானரைக் கேலி செய்த அவ்வாய்களுக்கு ஒலிவாங்கி மட்டுமே வாய்க்கவில்லை.

இன்று ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இருக்கின்றன. சித்திரம் அசைவிக்கும் கணினிக் கருவிகளும் எட்டாக் கனியாக இல்லை. மலைநாட்டுச் சித்திர நகைச்சுவை ஒன்றை எவரேனும் ஆக்க முற்படின், ஊருக்குப் பெயரிடுவதிலேயே வேலை தொடங்கும். ஸ்பிரிங்ஃபீல்டைத் தேடி அவர் அலையவேண்டியதில்லை. எடின்பரோ, பால்மோரல், டன்சினேன் என ஸ்கொட்லாந்தின் பாதியை வெள்ளைத் துரைமார் முன்னரே இம்மலைகளில் இறக்கி வைத்துவிட்டனர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்து டன்சினேன் மலையில் இன்று கொழுந்து துளிர்க்கிறது என்பதிலும் பெரிய நகைச்சுவையைக் குரோனிங் தாமும் எழுதியிலர். ஆயினும் கம்பனிப் பதிவேட்டில் உள்ள பெயரை விடுத்து, எப்பதிவேட்டிலும் இல்லாத தோட்டப்பெயர் ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொள்வது நலம். குவாஹொக்காருக்கு 5ஆம் எண் உதவியது போல, நமக்கு அது உதவும்.

செய்திக்குப் பஞ்சமில்லை. தேயிலைச் செடியிடையே சிறுத்தை. நிறுவைத் தராசில் காணாமற்போன இரண்டு கிலோ. மூடுபனியில் வழிதவறி மற்றைத் தோட்டத்தில் நின்ற பள்ளி பஸ். பிள்ளைக்காம்பராவின் திறப்பு விழாவுக்கு மூன்றாம் முறை வந்த அமைச்சர். இவற்றுள் எதுவும் கொழும்புச் செய்திக்குத் தகுதி பெறாது. ஆதலாலேயே இங்கே தகுதி பெறுகிறது.

எஞ்சியிருப்பது, செய்தி வாசிப்பவர் எந்தத் தமிழில் வாசிப்பார் என்னும் கேள்வி. நம் பேச்சைத் 'தோட்டத் தமிழ்' எனப் பிறர் நகைத்ததுண்டு. கல்லூரிக்கு வந்த முதல் தவணையிலேயே பலர் அதைக் களைந்து வகுப்பறைத் தமிழை அணிந்துகொண்டோம். யாம் இக்கட்டுரையை எழுதும் தமிழும் அவ்வாறு அணிந்ததே. எனவே அவ்வாசிப்பாளர் மேசையில் அமர்ந்ததும், வானொலி கற்பித்த செந்தமிழிலேயே 'வணக்கம்' எனத் தொடங்குவார், அதில் ஐயமில்லை. சம்பளம், சிறுத்தை, பஸ் எனச் செய்திகள் ஒழுங்காகச் செல்லும். அப்போது கையிற் கொணர்ந்து தரப்பட்ட துண்டுக் காகிதத்தில், மழையால் மண் இறங்கிய மலை எதுவென எழுதியிருக்கும். அது அவருடைய லயத்துக்கு மேலுள்ள மலை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு அவர் பேசும் அடுத்த வாக்கியம், ஆத்தாளும் அப்பனும் பேசிய தமிழில் வரும்: "அடியே மாரியாயி, புள்ளைகள தூக்கிக்கிட்டு இஸ்டோருப் பக்கம் ஓடு, லயத்துல ஒரு ஆளும் இருக்காதீக!"